நாற்காலிக்கு முன்னால் டேப்

கொருக்குப்பேட்டையில் 22 வருஷமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன் தெரு நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டு 6 வீல்சேர் வாங்கிக் கொடுத்தோம். ஷாமியானா, சால்வை, போட்டோ எல்லாம் உண்டு. வண்டிகளின் பாகங்களைப் பூட்டி, பிரேக் சரிபார்த்துக் கொடுத்தது நான்தான்.

மூன்று மாதம் கழித்து காசிமேட்டுக்கு வேறு வேலையாகப் போனேன். நாங்கள் கொடுத்த வண்டி ஒரு வீட்டு வாசலில் உப்புக் காற்றில் துருவேறி நின்றது. மேலே துணி காய்ந்துகொண்டிருந்தது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"தப்பா நினைக்காதீங்கண்ணே, உள்ளே போக மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா.

டேப் வைத்துப் பார்த்தேன். கதவு 23 அங்குலம். வண்டி 26. அவர் மகனுக்கு அப்போது 11 வயது. இருக்கையோ பெரியவர்களுக்கான 18 அங்குலம். உட்கார வைத்தால் பையன் ஒரு பக்கமாகச் சரிந்தான், பாதம் மிதிக்கு எட்டாமல் தொங்கியது. தவறு முழுக்க எங்களுடையது. கொடுப்பதற்கு முன் அந்த வீட்டுக்கு எங்களில் ஒருவர்கூடப் போகவில்லை.

அன்றிலிருந்து முதலில் டேப், அப்புறம்தான் வண்டி. ஒரு பிசியோதெரபிஸ்ட் தங்கை கூட வந்து சொல்லிக் கொடுத்தார். இடுப்பு அகலம் பார்க்க வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழைகிற அளவு இடம் விட வேண்டும். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்து மிதியை ஏற்றி இறக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இலேயே இதற்கு வழிகாட்டி போட்டிருக்கிறது. அளவெடுப்பது, பொருத்திப் பார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பழுது பார்ப்பது எல்லாம் சேர்ந்ததுதான் வீல்சேர் கொடுப்பது என்கிறது. நாங்கள் செய்ததோ வெறும் விநியோகம்.

இருக்கையில் போடுகிற மெத்தை விஷயம் இதைவிட முக்கியம். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போகலாம். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தாலும் வலிக்காது, புண் மட்டும் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த ஒருவரின் புண்ணுக்கு அவர் மனைவி துணி மாற்றும்போது பக்கத்தில் நின்றேன். அன்று இரவு சாப்பிட முடியவில்லை. தயவுசெய்து மெத்தை இல்லாமல் யாருக்கும் வண்டி கொடுக்காதீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கவோ, முடியாவிட்டால் முன்னால் சாயவோ சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம் வாசல்படி. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க எங்கள் பக்கம் படியை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. 6 அங்குலப் படி என்றால் 6 அடி நீளம் வேண்டும். எங்கள் சந்தில் 6 அடி போட்டால் எதிர்வீட்டுக் கதவில் முட்டும். அதனால் வெல்டிங் கடையில் சொல்லி, எடுத்து மாட்டுகிற மாதிரி குட்டையான இரும்புப் பலகை செய்கிறோம். செங்குத்துதான், தனியாக ஏற முடியாது, பின்னால் ஒருவர் பிடிக்க வேண்டும். இதைவிட நல்ல வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது வருஷத்துக்கு 2 அல்லது 3 வண்டிதான் கொடுக்கிறோம். மிச்சப் பணம் டயர், ட்யூப், பேரிங், மெத்தைக்குப் போகிறது. முன்பு பணம் போட்ட சிலர், எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று ஒதுங்கிக்கொண்டார்கள். எனக்கு வருத்தம்தான்.

காசிமேட்டுப் பையனுக்கு 14 அங்குல இருக்கை மாற்றிக் கொடுத்தோம். மொத்த அகலம் 21, கதவுக்குள் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காற்றடிக்க அம்மாவோடு கடைக்கு வருவான். போன வாரம் வலை நூல் சுற்றி முன் சக்கரம் இறுகிப்போயிருந்தது. பிளேடால் அறுத்து எடுத்தேன்.

"அடுத்த தடவை நானே எடுக்கிறேன் மாமா, பிளேடு குடுங்க" என்றான்.

பிளேடு கொடுக்கவில்லை. நுனி வளைந்த கொக்கி ஊசி ஒன்று இருந்தது, அதைக் கொடுத்தனுப்பினேன்.