வேரைக் கழுவிப் பார்க்கும் வேலை

கிளப்ரூட் என்பது பயிரின் வேரைக் கட்டி கட்டியாக வீங்க வைக்கும் நோய். அதற்கான சோதனையில் ஒரு செடிக்கு 0 முதல் 3 வரைதான் மதிப்பெண். வேர் வெள்ளையாக, முடிச்சே இல்லாமல் இருந்தால் 0. வேரில் மூன்றில் ஒரு பங்குக்குள் வீக்கம் இருந்தால் 1, அதைத் தாண்டினால் 2, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வீங்கிக் கட்டியாகிப் போயிருந்தால் 3. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், எட்மன்டன் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பல வருடம் இந்த மதிப்பெண்ணைப் போட்டுக்கொண்டிருந்தேன். புதிதாக உருவாகும் கனோலா ரகங்கள் இந்த நோயைத் தாங்குமா என்று சொல்வதுதான் எங்கள் குழுவின் பொறுப்பு.

கனோலா நம் கடுகுக்கு நெருங்கிய சொந்தம். ரேப்சீட் என்ற பழைய எண்ணெய்ப் பயிரைத் திருத்தி எடுத்தது. முட்டைக்கோஸ், டர்னிப், கடுகு, கனோலா என்று இந்தக் குடும்பத்தில் எதையும் கிளப்ரூட் விட்டுவைப்பதில்லை. ரஷ்யாவில் முட்டைக்கோஸ் தோட்டங்களை இது அழித்துக்கொண்டிருந்த காலத்தில், வொரோனின் என்ற விஞ்ஞானி இதற்குக் காரணமான கிருமியை 1878-ல் விவரித்து எழுதினார். கிருமி வேருக்குள் புகுந்து செல்களைத் தாறுமாறாகப் பெருக வைக்கும். வேர் தடித்து உருக்குலைந்துபோனால் செடிக்குத் தண்ணீரும் சத்தும் மேலே ஏறாது. மண் ஈரமாக இருக்கும்போதே பட்டப்பகலில் செடி வாடி நிற்கும்.

சோதனை செய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். விதைகளை ஈரமான வடிதாளில் ஒரு வாரம் முளைக்க வைப்போம். நோயுற்ற வயல்களிலிருந்து எடுத்து உறைய வைத்திருக்கும் வேர்க்கட்டிகளை அரைத்து வடிகட்டி, ஒரு மில்லிலிட்டருக்கு கிருமியின் 1 கோடி வித்துகள் (ஸ்போர்கள்) இருக்கும்படி கரைசல் தயாரிப்போம். நாற்றின் வேரை அதில் முக்கித் தொட்டியில் நட்டு, மண் காயாமல் பார்த்துக்கொண்டால், ஆறு வாரத்தில் முடிவு தெரிந்துவிடும். பிடுங்கி, கழுவி, மதிப்பெண் போட வேண்டியதுதான். ஒவ்வொரு தொகுதியிலும் நோய்க்கு எளிதில் ஆளாகும் பழைய ரகம் ஒன்றும் சேர்ந்தே வளரும். அதற்கு நோய் வராவிட்டால் மற்ற செடிகளின் வேர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தச் சோதனை செல்லாது. முதலில் தேடுவது அந்தப் பழைய ரகத்தின் கட்டியைத்தான். அது கையில் வந்த பிறகே மற்ற தொட்டிகளைத் தொடுவோம்.

கனோலாவின் கதையில் எல்லோரும் பெருமையோடு சொல்லும் பகுதி இதற்கு முந்தையது. ரேப்சீட் எண்ணெய் ஈர உலோகத்தில் நன்றாக ஒட்டும் என்பதால், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கப்பல்களின் நீராவி எஞ்சின்களுக்கு மசகெண்ணெயாகத்தான் கனடாவில் அதை அதிகமாக வளர்த்தார்கள். உணவு எண்ணெயாக்க, அதிலிருந்த எரூசிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. கனடாவின் சாஸ்கடூன் நகரில் கீத் டவுனி என்ற பயிர் விஞ்ஞானி ஒரு வழி கண்டார். சில மில்லிகிராம் எடையே உள்ள விதையை முளைக்க வைத்து, இரண்டு விதையிலைகளில் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து அதன் கொழுப்பு அமிலங்களை ஆராய்வது. முளையின் மிச்சப் பகுதி செடியாக வளரும். அரை விதை முறை என்று இதற்குப் பெயர். அதே நாட்டின் வினிபெக் நகரில் பால்டர் ஸ்டெஃபான்சன் என்ற விஞ்ஞானி, எரூசிக் அமிலத்தோடு தீவனப் புண்ணாக்கில் கெடுதல் செய்யும் குளுக்கோசினோலேட்டும் குறைந்த ‘டவர்’ ரகத்தை 1974-ல் கொண்டுவந்தார். இன்று கனோலா என்று சொல்ல எண்ணெயில் எரூசிக் அமிலம் 2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

அந்தச் சாதனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதை உணர எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. எண்ணெயின் தரத்தை ஒருமுறை மரபணுவில் நிலைநிறுத்திவிட்டால், வேறு ரகம் கலக்காதவரை அது அப்படியே இருக்கும். எரூசிக் அமிலம் எதிர்த்துப் போராடாது. நோய் அப்படியல்ல. எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்தை லட்சக்கணக்கான ஏக்கரில் விதைக்கும்போது, அதையும் மீறித் தொற்றக்கூடிய கிருமி எங்காவது கொஞ்சம் இருந்தால் அதற்கு மட்டும் விருந்து வைக்கிறோம்.

ஆல்பர்ட்டாவில் இதுதான் நடந்தது. 2003-ல் எட்மன்டன் அருகே கனோலா வயல்களில் கிளப்ரூட் முதன்முதலாகத் தெரிந்தது. 2007-ல் மாகாணச் சட்டத்தில் இதைப் பயிர்ப் பகையாக அறிவித்தார்கள். 2009-ல் முதல் எதிர்ப்பு ரகம் வந்தது. 2013-லேயே அந்த எதிர்ப்பை உடைத்த கிருமி வகைகள் வயல்களில் பிடிபட்டன. நான்கே வருடம்.

அந்த எதிர்ப்புத் திறனை ஒரு ரகத்துக்குள் கொண்டுவர எவ்வளவு பாடு என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்த நான்கு வருடத்தின் வலி புரியும். கனோலா இரண்டு தாவரங்களின் கலப்பில் பிறந்தது. டர்னிப் இனத்தின் 10 குரோமோசோம், முட்டைக்கோஸ் இனத்தின் 9 குரோமோசோம், சேர்ந்து 19 என்று வூ ஜாங்-சுன் என்ற தாவர மரபியலாளர் 1935-ல் காட்டினார். கிளப்ரூட்டைத் தாங்கும் மரபணுக்கள் அதிகம் கிடைப்பது ஐரோப்பாவின் தீவன டர்னிப்புகளில். அங்கிருந்து எடுக்கும்போது எதிர்ப்பு மட்டும் தனியாக வராது. குளுக்கோசினோலேட், தாமதமான பூப்பு, குறைந்த மகசூல் எல்லாம் கூடவே வரும். திரும்பத் திரும்ப நல்ல கனோலாவோடு பிற்கலப்பு செய்து, தலைமுறை தலைமுறையாக வேண்டாததைக் கழிக்க வேண்டும். மகரந்தத்தின் இளம் செல்களைக் கண்ணாடிக் குடுவையில் கருவாக வளர்த்து, கோல்கிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்துக் குரோமோசோமை இரட்டிப்பாக்கினால், பல தலைமுறை சுயமகரந்தச் சேர்க்கையில் கிடைக்கும் தூய வரிசை ஒரே தலைமுறையில் கிடைத்துவிடும். அப்படியும் வருடங்கள் ஓடிவிடும். எங்கள் பக்கத்து அறையில் அதைச் செய்தவர்கள், நாங்கள் வேர் கழுவும் நாளில் கையுறை மாட்டிக்கொண்டு வந்து பின்னால் நிற்பார்கள். தங்கள் வரிசைக்கு 0 விழுமா என்று பார்க்கத்தான்.

இவ்வளவு சீக்கிரம் ஏன் உடைந்தது? பல வயல்களில் வருடம் விட்டு வருடம், சிலவற்றில் வருடா வருடம் கனோலாவையே போட்டார்கள். ‘கனோலா, பனி, கனோலா’ என்பதுதான் எங்கள் பயிர் சுழற்சி என்று அங்கே விவசாயிகளே சொல்வார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல விலை தரும் பயிர் அது. நிலத்துக்கும் எந்திரத்துக்கும் கடன் கட்டுகிறவருக்கு ஒரு வருடக் கோதுமை என்பது பெரிய விட்டுக்கொடுப்பு. குறை சொல்ல வேண்டுமானால், ரகம் வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணம் பரவ விட்ட எங்கள் துறையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வயலுக்குப் போகும்போது காலணிக்கு மேல் உறை போட்டுக்கொள்வோம். திரும்பும்போது மண்வெட்டியைச் சுரண்டி, குளோரின் கரைசலில் கழுவாமல் வண்டியில் ஏற்ற மாட்டோம். இந்த நோய் எந்திரங்களில் ஒட்டும் மண்ணோடுதான் அதிகம் பயணம் செய்கிறது, அதனால்தான் பெரும்பாலும் வயலின் நுழைவாயிலில் முதலில் தெரியும். ஒருமுறை ஒரு பெரியவரின் வயல் வாயிலில் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். கட்டிகளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

“தாங்கும் ரகம் என்றுதானே விதை வாங்கினேன். அப்புறம் எதற்குக் கனோலாவுக்கு நடுவில் இரண்டு வருடம் இடைவெளி விடச் சொல்கிறீர்கள்?”

“தாங்கும் ரகத்தைக் காப்பாற்றத்தான் இடைவெளி” என்றார் எங்கள் குழுத் தலைவர். பெரியவர் சமாதானமாகவில்லை. வித்துகள் மண்ணில் இருபது வருடம் வரை உயிரோடு இருக்கும் என்று எங்கோ கேட்டிருந்தார். அப்படியானால் இரண்டு வருடம் விட்டு என்ன பயன் என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான்.

அதற்கு வயல் ஆராய்ச்சியில் நல்ல பதில் இருந்தது. வித்துகள் எல்லாமே இருபது வருடம் தாங்குவதில்லை. பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்திலேயே அழிந்துவிடும். இரண்டு வருட இடைவெளி விட்ட மண்ணில், வருடா வருடமோ ஒரு வருடம் விட்டோ கனோலா போட்ட மண்ணைவிட வித்துகள் சுமார் 90 சதவீதம் குறைந்திருந்தன. மிச்சம் இருப்பதுதான் பிடிவாதமாகப் பல வருடம் கிடக்கும். வித்து குறைவாக இருந்தால், எதிர்ப்பை உடைக்கும் வகையும் அதில் குறைவாகவே இருக்கும். அதற்கு இடைவெளி வருடங்களில் தானாக முளைக்கும் கனோலாவையும், அதே குடும்பத்துக் களைகளையும் சில வாரங்களுக்குள் அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கோதுமைக்கு நடுவிலேயே நோய் வளர்ந்துகொண்டிருக்கும்.

இப்போது ஒரே ரகத்தில் இரண்டு மூன்று எதிர்ப்பு மரபணுக்களை அடுக்கி வைக்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் டர்னிப்புகளில் தேடிக் கண்டெடுத்த மரபணுக்கள் எண்ணிக்கையில் அதிகமில்லை. ஒன்றைத் தேய்த்துவிட்டால் அடுத்தது வர இன்னொரு பத்து வருடம் ஆகலாம்.

பெரியவர் அன்று எதுவும் சொல்லவில்லை. அடுத்த வசந்தத்தில் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்த 160 ஏக்கரில் கோதுமை போட்டிருப்பதாகவும், அடுத்த வருடம் பார்லி என்றும் சொன்னார். வாயில் பக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் புல் விதைத்திருந்தார். அதற்கடுத்துக் கனோலா போடும் முன் மண் மாதிரி எடுக்க வர முடியுமா, எத்தனை இடத்தில் எடுப்பீர்கள், செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். வாயிலில் கூடுதலாக எடுப்போம் என்று சொல்லி, தேதியைக் குறித்துக்கொண்டேன்.