அத்தை எறும்பேறிய கதை

எங்கள் வீட்டுக்காரருக்குத் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் இயந்திரம் என்று யாராவது சொல்லிவிட்டால் பசி, தூக்கம் இரண்டும் மறந்துபோகும். லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கழுத்தை நீட்டினால் இதெல்லாம் கூடவே வரும். விடுமுறை விட்டால் ஊர் உலகம் கடற்கரைக்குப் போகிறது. எங்களை ஏதாவது ஒரு மதகுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "எப்படித் திறக்கிறது பார்" என்பார். இந்த முறை இவருடைய அம்மா, என் அத்தை, புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்கு வந்திருக்கிறார்கள், மனிதர்கள் போகிற இடமாகப் பாருங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். "பிரான்சின் மேற்கே இருக்கிற நாந்த் நகரத்துக்குப் போகலாம், அங்கே யானை இருக்கிறது" என்றார். அவ்வளவுதான், அத்தை பெட்டியைத் திறந்து மாம்பழ நிறப் பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் பேச என்ன இருக்கிறது?

அது இரும்பும் மரமுமாகச் செய்த யானை என்பதை இவர் வாய்திறந்து சொன்னது ரயில் பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தை விட்டுக் கிளம்பிய பிறகுதான். "பொம்மையா?" என்று அத்தை கேட்ட குரலில் பட்டுப்புடவையின் விலை முழுவதும் இருந்தது.

அத்தையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஈபிள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெயின்ட் அடிக்கிறவன் பாவம்" என்று மட்டும் சொல்லி நடையைக் கட்டியவர்கள். சேன் நதியைப் பார்த்து, "அரியாங்குப்பத்து ஆறே தேவலை" என்றவர்கள். அவர்களிடம் இவர் வழியெல்லாம் வகுப்பெடுத்தார். லுவார் ஆற்றின் நடுவே ஒரு தீவாம். அதில் கப்பல் கட்டும் தளங்கள் இருந்தனவாம். 1987இல் அவை மூடப்பட்டனவாம். காலியாகக் கிடந்த கொட்டகைகளில் பிரான்சுவா தெலாரோசியேர், பியேர் ஒரெஃபிஸ் என்ற இருவர் இயந்திரப் பிராணிகளைக் குடியேற்றி 2007இல் திறந்துவிட்டார்களாம். அத்தை 1987லேயே தூங்கிவிட்டார்கள்.

யானையைச் சும்மா சொல்லக் கூடாது. 12 மீட்டர் உயரம், 21 மீட்டர் நீளம், 48 டன் எடை. முதுகிலும் வயிற்றுக்குள்ளும் சேர்த்து ஐம்பது பேர்வரை ஏறிக்கொள்கிறார்கள். கொட்டகைக்குள்ளிருந்து அது ஆடி அசைந்து வெளியே வந்தபோது கூட்டம் தானாக விலகியது. தோலில் செய்த காது மடிந்து விரிகிறது. கண்ணிமை மூடித் திறக்கிறது. அதுவும் அலட்சியமாக, பக்கத்து வீட்டு மேல்மாடி அம்மாள் என்னைப் பார்க்கிற பார்வை. என் மகள் மூச்சுவிடாமல் நின்றாள். இவர் விடுவாரா? குனிந்து, அதுவும் போதாமல் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, யானையின் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு, "எடையைத் தாங்குவது கால் இல்லை, நடுவிலே இருக்கிற சக்கரம்" என்று அறிவித்தார். மகள் காதைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவுக்கும் அதைப் பிரெஞ்சில் விளக்கினார். அவர் தன் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அத்தை மட்டும் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது யார் எழுதி வைத்த யானை?" என்றார்கள். மகன் பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒப்பித்தான். எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1828இல் பிறந்தது இந்த ஊரில்தான். இங்கே இருக்கிற பிராணிகளுக்கெல்லாம் அவருடைய கற்பனை உலகம்தான் பாதி வேர். 1880இல் வந்த அவருடைய 'நீராவி வீடு' நாவலில் நீராவியில் ஓடும் ஓர் இரும்பு யானை, இரண்டு வண்டி வீடுகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து வட இந்தியா நெடுகப் போகிறது.

"அவர் நம் நாட்டுக்கு வந்திருக்கிறாரா?"

"வந்ததில்லை, பாட்டி."

"அதுதானே பார்த்தேன். நம் யானைக்குக் காது இவ்வளவு பெரியதாக இருக்காது."

தீர்ப்பு எழுதியாயிற்று. ஆனாலும் யானை கிட்டே வந்தபோது அத்தையின் கை சுருக்குப் பைக்குள் போனதை நான் பார்த்தேன். ஒரு யூரோ காசை எடுத்து விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, தலையைச் சற்றே குனிந்து நின்றார்கள். புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் வாசலில் கோயில் யானை லட்சுமிக்கு முன்னால் அப்படித்தான் நிற்பார்கள். லட்சுமி 2022 நவம்பர் கடைசியில் ஒரு காலை நடையின்போது சாய்ந்து போனாள். அன்று ஊரே தெருவில் நின்று அழுதது. அதற்குப் பிறகு அந்த வாசலில் அத்தை காசெடுத்து நான் பார்த்ததில்லை. இயந்திர யானைக்கு இதெல்லாம் தெரியுமா? தும்பிக்கையைத் தூக்கிப் புஸ்ஸென்று தண்ணீரைப் பீய்ச்சியது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். அத்தை ஓடவில்லை. மாம்பழப் பட்டு முழுவதும் நனைந்தது. "லட்சுமி இப்படிச் செய்யமாட்டாள்" என்றார்கள். காசைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

இத்தோடு வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். பிராணிகளின் காட்சிக்கூடத்துக்கும் டிக்கெட் வாங்கியிருந்தேன்.

அங்கே எட்டு மீட்டர் இறக்கை விரித்த நாரை, சிலந்தி, கம்பளிப்புழு, எறும்பு என்று எல்லாம் ஆளைவிடப் பெரிய அளவில் இருக்கின்றன. நாரைகளுக்கென்றே இரும்பில் ஒரு ராட்சத மரம் கட்டுவதாகத்தான் திட்டம். செலவு ஏறிக்கொண்டே போனதால் 2022இல் நாந்த் பெருநகர நிர்வாகம் கைவிட்டுவிட்டது. இதை இவர் ஏதோ சொந்தத்தில் ஒரு கல்யாணம் நின்றுபோன துக்கத்தோடு சொன்னார். மரம் வராவிட்டால் என்ன, பிராணிகள் இருக்கின்றன. இயந்திரத்தை ஓட்டுகிறவர்களே முன்னால் நின்று, எது எப்படி அசைகிறது என்று காட்டுகிறார்கள். பிறகு கூட்டத்திலிருந்து சிலரை அழைத்து ஏற்றுகிறார்கள்.

"யார் வருகிறீர்கள்?" என்று இயந்திரம் ஓட்டுகிற பெண் ஒருத்தி கேட்டு முடிக்கும் முன்பே இவர் கை மேலே போய்விட்டது. கை மட்டுமா, குதிகாலும் தரையில் இல்லை. வாத்தியார் வேண்டுமென்றே கண்டுகொள்ளாத முதல் பெஞ்சு மாணவன் ஒருவன் எல்லா வகுப்பிலும் இருப்பானே, அவனுக்கு நரை விழுந்தால் எப்படி இருப்பானோ அப்படி இருந்தார். அந்தப் பெண்ணின் பார்வை இவரைத் தாண்டி, ஈரப் பட்டுப்புடவையில் போய் நின்றது. "மதாம்?"

அத்தைக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் மரியாதை எந்த மொழியில் வந்தாலும் தெரியும். செருப்பைக் கழற்றினார்கள். கைப்பையை என்னிடம் கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் கொடுத்தார்கள். கொசுவத்தைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு நேரே போய் எறும்பின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

எறும்பின் மேல்! சர்க்கரை டப்பாவைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் வட்டம் போடாமல் ஒரு நாள்கூடத் தூங்கப் போகாதவர்கள். பாரிஸுக்கு வரும்போதும் பெட்டியில் ஊறுகாய்க்கு அடியில் அந்தச் சாக்பீஸ் இரண்டு கட்டி வந்திருந்தது. வாசலில் அரிசிமாவுக் கோலம் போட்டு எறும்புக்குப் படியளப்பதும் அதே கைதான்; வெளியே அன்னதானம், உள்ளே துப்பாக்கிச் சூடு என்பது அவர்கள் கொள்கை. அந்தக் கையில் இப்போது ஒரு கட்டைப் பிடி. இழுத்தார்கள். எறும்பின் கால் க்ரீச்சென்று எழுந்து முன்னால் விழுந்தது. இன்னொரு முறை இழுத்தார்கள். எறும்பு நகர்ந்தது. அத்தை சிரித்தார்கள். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை; கடைவாய்ப் பல் ஒன்றில் தங்கம் கட்டியிருக்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இவர் பக்கத்தில் நின்று, "அம்மா, மெதுவாக! இழுத்த இழுப்பில் விடக் கூடாது!" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "சும்மா இருடா, எனக்குத் தெரியும்" என்று மேலிருந்து பதில் வந்தது.

பிறகு கடல் உலக ராட்டினத்துக்கும் போனோம். மூன்று அடுக்கு, 25 மீட்டர் உயரம், கடலடி நண்டு முதல் பின்னோக்கிப் பாயும் கணவாய்வரை எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்து துடுப்பையோ கண்ணையோ நாமே அசைக்கலாம். இவருக்கு அங்கே ஒன்றல்ல, நான்கு கைப்பிடிகள் இருந்தாலும் முகம் தெளிந்திருக்காது. நண்டுக்குள் உட்கார்ந்து நண்டையே முறைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் ரயிலில் புளிச்சோற்றைக்கூட வேண்டாம் என்றார். இருபது வருஷம் லிஃப்ட் பார்த்தவனைக் கூப்பிடவில்லையே என்ற குறை இன்னும் தீரவில்லை.

அத்தையோ அன்று இரவிலிருந்து லாஸ்பேட்டை, முதலியார்பேட்டை, கடலூர் என்று வரிசையாகத் தொலைபேசியில் பேசுகிறார்கள். முதலில் எறும்பில் ஏறினார்கள். லாஸ்பேட்டைச் சித்திக்குச் சொல்லும்போது எறும்பை அவர்களே ஓட்டினார்கள். கடலூர் போய்ச் சேர்வதற்குள் யானையின் 48 டன் எடையும் எறும்புக்கு வந்து, அது தண்ணீரும் பீய்ச்சத் தொடங்கிவிட்டது. பேரன் பேத்தி கைதட்டியது, வெள்ளைக்காரி கும்பிட்டது, மகன் பயந்து போனது, எல்லாம் கதையில் வந்துவிட்டன. டிக்கெட் எடுத்தது யார், விடியற்காலையில் எழுந்து புளி கரைத்தது யார், செருப்பும் கைப்பையும் கண்ணாடிக் கூடும் சுமந்து நின்றது யார் என்று கடலூரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இவர் எடுத்த படத்தில் ஓரமாக என் முழங்கையும் அந்தச் செருப்பும் இருந்தன. குடும்பக் குழுவுக்கு அனுப்பும்போது அதையும் வெட்டிவிட்டார், எறும்பு முழுதாகத் தெரிய வேண்டுமாம்.