கிங் பிஸ்கட் ப்ளூஸ் விழாவுக்கு மவுத் ஆர்கனோடு போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் ஹெலெனா. 1941இல் இங்குள்ள கேஎஃப்எஃப்ஏ வானொலியில் தொடங்கிய ‘கிங் பிஸ்கட் டைம்’ நிகழ்ச்சி, ப்ளூஸ் கலைஞர் இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சனின் மவுத் ஆர்கனை மிசிசிப்பி டெல்டா வட்டாரம் முழுக்கக் கேட்க வைத்தது. பிஸ்கட் மாவு விற்பதற்கான விளம்பர நிகழ்ச்சிதான் அது! அதன் பெயரில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) விழா நடக்கத் தொடங்கியது 1986இல். விழா மாதம் அக்டோபர்.

பெரிய மேடையை ஆற்றங்கரை மண்மேட்டில் உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் கற்றுக்கொள்பவருக்குச் செர்ரி தெருதான் வகுப்பறை. நடைபாதையில் வாசிக்கும் சிறு குழுக்களில் விரலும் வாயும் என்ன செய்கின்றன என்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க முடியும். சில குழுக்கள் உங்களையும் வாசிக்கச் சொல்லும். அதற்குத்தான் தயாரிப்பு.

10 துளை டயட்டானிக் ஆர்கன் ஒவ்வொன்றும் ஒரே கீக்கு, அதாவது ஒரே அடிச்சுரத்துக்கு, அமைந்தது. அவற்றில் ஏ, சி, டி மூன்று கட்டாயம். பணம் இருந்தால் ஜி, எஃப், பி ஃபிளாட். ப்ளூஸில் பாட்டின் கீயிலேயே உள்ள ஆர்கனைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. பாட்டின் கீயிலிருந்து நாலாவது எழுத்தை எடுக்க வேண்டும். பாட்டு ஈ என்றால் ஈ, எஃப், ஜி, ஏ: ஏ ஆர்கன். பாட்டு ஜி என்றால் சி ஆர்கன். எஃப் மட்டும் விலக்கு, அதற்கு பி ஃபிளாட். காரணம், 1 முதல் 6 வரையான துளைகளில் பெண்ட், அதாவது சுரத்தைக் கீழே வளைப்பது, இழுப்பில்தான் (காற்றை உள்ளிழுத்து வாசிப்பதில்) கிடைக்கும்; இப்படி எடுத்தால் பாட்டின் அடிச்சுரமும் இழுப்பிலேயே வரும். சி ஆர்கனில் 2 இழுப்பு ஜி. 5 இழுப்பு அந்த ஜியின் ஃபிளாட் ஏழு, அதாவது அரைப்படி இறக்கிய ஏழாம் சுரம். 3 இழுப்பை லேசாகக் கீழே வளைத்தால் அந்த அழுகுரல் மூன்றாம் சுரம்.

கீ கேட்கும்போது கிட்டாரின் கேப்போவையும் (கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கவ்வி) பாருங்கள். கிட்டார்காரர் “ஈ” என்பார், ஆனால் மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்தின் மூன்றாம் கட்டில்) கேப்போ இருக்கும். விரல் பிடிப்பு ஈ, காதில் விழுவது ஜி. ஏ ஆர்கனோடு நுழைந்தால் முதல் சுரத்திலேயே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ப்ளூஸ் பாட்டின் ஒரு சுற்று பெரும்பாலும் 12 பார், ஒரு பாருக்கு 4 தட்டு. அதில் முதல் 4 பாருக்கு இழுப்பு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்), அடுத்த 2 பாருக்கு ஊதல் கார்டு, பிறகு 2 பார் மறுபடி இழுப்பு. இதுவரை யாரும் தவறுவதில்லை. விழுவது 9ஆம் பாரில்: அங்கே ஐந்தாம் கார்டு (கீயின் ஐந்தாம் சுரத்தில் எழும் கார்டு) வரும், டயட்டானிக்கில் அது முழுதாகக் கிடையாது. பழக்கத்தில் வாய் நிறைய இழுத்தால் பழைய கார்டே ஒலித்துக் குழுவோடு மோதும். 1 இழுப்பையோ 4 இழுப்பையோ தனிச் சுரமாகப் பிடியுங்கள். 10ஆம் பார் மறுபடி ஊதல். இந்தப் பாணியில் இழுப்பு அதிகம், அதனால் நுரையீரல் நிரம்பித் திணறும். ஊதல் வரும் இடங்களிலும் மூக்கு வழியாகவும் காற்றை வெளியே தள்ளப் பழகுங்கள்.

போகத் தகுதி வந்துவிட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பின்னணித் தாளத்தை ஓட விட்டு, ஆர்கனைத் தொடாமல் 12 பாரை இரண்டு சுற்று எண்ணுங்கள். சுற்றின் முதல் தட்டு எங்கே என்று தடுமாறினால் இன்னும் நாள் இருக்கிறது. பிறகு 2 இழுப்பை 8 தட்டுகளுக்குச் சுருதி இறங்காமல் பிடியுங்கள். அது கரகரத்தால் ஆர்கனைப் பழிக்க வேண்டாம். பெரும்பாலும் வாய்க்குள் இடம் குறுகியிருப்பதுதான் காரணம்.

தெருவில் முறை இது: பாட்டு முடிந்த இடைவெளியில் கேளுங்கள், நடுவில் ஊதாதீர்கள். பார்வையாளர் வரிசையில் நின்று கூடவே ஊதுவதை யாரும் மன்னிப்பதில்லை. ஏற்கெனவே ஓர் ஆர்கன்காரர் இருந்தால் காத்திருங்கள். இரண்டு ஆர்கன் ஒன்றாக ஒலித்தால் இரைச்சல்தான். பாடுபவர் ஒரு வரி பாடிவிட்டு விடும் இடைவெளி உங்களுடையது, வரி அவருடையது. தலையசைப்பு வந்தால் ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு.

மைக் கொடுத்தால் அநேகமாகப் பாடகர் மைக்காக இருக்கும். ஸ்பீக்கர் பக்கம் திரும்பி அதை இரு கையாலும் பொத்தினால் வீல் என்று அலறும். படத்தில் பார்க்கும் உருண்டை புல்லட் மைக்கை எடுத்துப்போக வேண்டாம். அது வால்வு ஆம்புக்கானது (பழைய பாணி ஒலிபெருக்கி), நேரே மிக்ஸரில் செருகினால் தகரம்போல் ஒலிக்கும்.

வறுத்த மீனோ பார்பிக்யூவோ சாப்பிட்டால் வாசிக்குமுன் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். சோடாவின் சர்க்கரை ரீடில் (அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு) ஒட்டினால் அது அசையாது. குளிர்ந்த மாலையில் ஆர்கனை உள்ளங்கையில் சற்றுச் சூடாக்குங்கள், இல்லையென்றால் மூச்சின் ஈரம் உள்ளே படிந்து சுரம் அடைக்கும். மெருகு பூசாத மரச் சீப்பு (துளைகள் உள்ள நடுப்பகுதி) அந்த ஈரத்தில் உப்பி உதட்டைக் கீறும், வெளியூர்ப் பயணத்துக்கு பிளாஸ்டிக் சீப்பே மேல். வாசித்த பிறகு துளைகள் கீழே பார்க்க உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி, அறைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தே வைத்துக் காய விடுங்கள்.