விழித்திரைமேல் சவ்வு: தடிப்பு எண் மட்டும் போதாது

செம்பனை நிரைகளை நூல் பிடித்து நட்டிருப்பார்கள். ஒரு கண்ணை மூடிப் பார்க்கையில் அவை நடுவில் நெளிந்தால் விழித்திரைமேல் சவ்வு படர்ந்திருக்கலாம்; கண்ணாடி பவரை மாற்றிப் பயனில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் இனிப்புநீர்க்காரர்கள் (நீரிழிவு உள்ளவர்கள்) இதைத் தனித்தனிக் கண்ணாகச் சோதித்துப் பார்ப்பது நல்லது. இரு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும்.

ஐம்பதைத் தாண்டியபின் கண்ணுக்குள் இருக்கும் கூழ் விழித்திரையை விட்டுப் பிரியும். முழுதாகப் பிரியாமல் மெல்லிய எச்சம் மாக்குலா என்னும் விழித்திரையின் நடுப்பகுதிமேல் தங்கினால், அதன்மேல் கிளையல் செல்களும் (விழித்திரை நரம்புகளைத் தாங்கும் செல்கள்) கூழிலுள்ள செல்களும் படரும். அவற்றில் சில சுருங்கும் தன்மை பெற்று விழித்திரையை மடிப்பு மடிப்பாக இழுக்கும். இப்படிப் படர்வதுதான் இந்தச் சவ்வு. இனிப்புநீர்ப் பாதிப்பு, ரத்தக்குழாய் அடைப்பு, விழித்திரைக் கிழிசல், கண்ணுக்குள் அழற்சி, அடிபடுதல், முந்தைய அறுவை ஆகியவையும் காரணமாகலாம்.

கண்ணின் உட்பின்புறத்தை எடுக்கும் ஃபண்டஸ் படத்தில் இந்தச் சவ்வு செலோபேன் தாள்போல மினுங்கும். பச்சை ஒளியில் எடுத்தால் மடிப்புகள் இன்னும் துலங்கும். ஆனால் ஆழம் தெரியாது. அதற்கு ஓசிடி (ஒளியால் எடுக்கும் விழித்திரை ஸ்கேன்) வேண்டும்: 5 முதல் 7 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும் குறுக்குவெட்டு.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஓசிடி அறிக்கையின் வண்ண வட்டத்தில் விழித்திரையின் நடுத்தடிப்பு எண் கூடியிருக்கும். உடனே 'நீர்க்கசிவு' என்று முடிவாகிவிடும். கருவி வரையும் எல்லைக்கோடு விழித்திரையை விட்டுச் சவ்வின்மேல் ஏறியிருந்தால் அந்த எண்ணே தப்பு. கோடு சரியாக இருந்தாலும் தடிப்பு கசிவாலா இழுப்பாலா என்பதை எண் சொல்லாது. ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தையும் நகர்த்திப் பாருங்கள்: மேலே வெள்ளைக் கோடு, அதன்கீழ் ரம்பப் பல் மடிப்பு, மாக்குலாவின் நடுக்குழி காணாமல் போயிருப்பது என்றால் இழுப்பு. இரத்தக்குழாய்க் கசிவுக்குப் போடும் ஊசி சவ்வை அவிழ்க்காது. இரண்டும் சேர்ந்தும் வரும், அப்போது ஃபுளோரசின் ஆஞ்சியோகிராம் (சாயம் ஏற்றிக் கண்ணின் ரத்தக்குழாய்க் கசிவைப் பார்க்கும் படம்) உதவும்.

கோவெட்டோ என்ற ஆய்வாளரின் குழு 2017இல் இந்தச் சவ்வுக்குத் தந்த 4 நிலைப் பகுப்பும் இந்த நடுக்குழியையும் விழித்திரை அடுக்குகளையும் வைத்தே அமைந்தது. குழி இருந்தால் முதல் நிலை. அடுக்குகள் குலைந்தால் நான்காம் நிலை.

கண்புரையோ காய்ந்த கண்ணோ இருந்தால் ஓசிடி வெட்டுப்படம் மங்கும். கண்ணீர்ச் சொட்டு விட்டு, சிமிட்டச் சொல்லி மறுபடி எடுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அச்சிட்ட எண் தாளோடு வெட்டுப்படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த முறை அதே இடத்து வெட்டோடு ஒப்பிட்டால்தான் சவ்வு முன்னேறுகிறதா என்று தெரியும்.