பட்டாளத்துக்காரர்களின் ஊரில்

1990 ஜூனில் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டபோது, மன்னார் தீவின் பேசாலையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்த குடும்பம் எங்களுடையது. மண்டபம் முகாமில் பதிந்த பிறகு பஸ்ஸில் ஏற்றிக் குமரி மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். பெருமாள்புரம், பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை என்று இங்கே உள்ள அகதி முகாம்களில் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன், இன்னும் இருக்கிறேன். சாப்பாட்டுக்கு அம்மா பெரிதாகத் திணறவில்லை. மீன், தேங்காய், கிழங்கு எல்லாம் இங்கும் உண்டு. ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று இரண்டு மழைக்கும் சீக்கிரம் பழகிவிட்டோம்.

பழகச் சிரமப்பட்டது பட்டாளத்துக்குத்தான். இந்த மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பட்டாளத்துக்காரர் வீடு இருக்கும். எங்களுக்கோ பச்சை உடுப்பைக் கண்டாலே ஒழுங்கைக்குள் ஓடி மறைந்து பழக்கம். அப்பா பெயிண்ட் அடிக்கப் போகும்போது லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். சுண்ணாம்பு சுரண்டுவதற்கு முன் சுவரில் உள்ள படங்களைக் கழற்றிப் பத்திரமாக வைப்பது என் வேலை. கல்யாணப் படம், இயேசு படம் அல்லது முருகன் படம், அதன் பக்கத்தில் தொப்பி வைத்த ஒரு இளைஞன், கண்ணாடிச் சட்டத்துக்குள் மெடல்கள். இந்த மனிதர் யாரைச் சுட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டேதான் அவற்றைத் துடைப்பேன். அதே வீட்டில் மத்தியானம் எனக்குச் சோறு போடுவார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் கேட்கும் வாய்ப்பு ரொம்பப் பிந்தித்தான் கிடைத்தது. பக்கத்து ஊர்ப் படிப்பகத்தில் ஒரு டிசம்பர் 16 அன்று, வங்கதேசப் போர் வெற்றி நாளை ஒட்டி, ஓய்வுபெற்ற வீரர்களைப் பேச அழைத்திருந்தார்கள். முகாமிலிருந்தும் சிலர் போனோம். அம்மாவும் வந்தார்.

முதலில் பேசியவர் 16-ஆவது மதராஸ் பட்டாலியனில் இருந்தவர். அந்தப் பட்டாலியன் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் ராஜாவின் படை. இந்த மண்ணும் 1956 வரை அந்தப் பக்கம்தானே இருந்தது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கதையில் தொடங்கி, சிறைபிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானது வரை சொல்லிவிட்டு, தன் போருக்கு வந்தார். 1971 டிசம்பர் 15 இரவு, மேற்கே பாகிஸ்தான் பக்கம் சகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்தது. டிசம்பர்க் குளிரில் ஆறு, அதைச் சுற்றிக் கண்ணிவெடி வயல். அந்தச் சண்டையில் அவர்களுடைய கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய் உயிரிழந்தார். மகாவீர் சக்ரா விருது அவர் இறந்த பிறகுதான் வந்தது. "எனக்கு முன்னால போனவன் கால் வச்ச இடத்துலதான் நானும் வச்சேன். அவன் ஷூ இப்பவும் ஓர்மை இருக்கு, முகம் ஓர்மை இல்ல" என்றார். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த ஷூவிலேயே பேச்சை முடித்துக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்தவர் இலங்கைக்கு இந்திய அமைதிப்படையில் போனவர் என்று அறிவித்ததும் எங்கள் வரிசை அசையாமல் இருந்தது.

1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் போனார்களாம். இயக்கங்களிடம் ஆயுதங்களை வாங்கி வைக்கும் வேலை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். அக்டோபரில் அது புலிகளோடு சண்டையாகிவிட்டது. 1990 மார்ச்சில் கடைசி அணி கிளம்பும் முன் 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்திருந்தார்கள். அவர் துப்பாக்கிச் சண்டை எதையும் விவரிக்கவில்லை. "மத்த பயலுவளுக்குப் பாஷை தெரியாது. எனக்குத் தெரியும். அதனால கேம்ப் வாசல்ல என்னையத்தான் நிறுத்துவானுவ. பிள்ளையத் தேடி அம்மைமாரு வருவாவ. எங்க அம்மை மாதிரியே பேசுவாவ. நான் என்ன பதில் சொல்ல?" அவ்வளவுதான் பேச முடிந்தது. உட்கார்ந்துவிட்டார்.

அம்மா எழுந்தார். இப்படி ஒரு கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"நானும் அப்பிடி ஒரு வாசலுக்குப் போனனான். உங்கட வாசல் இல்லை, வேற இடம். தம்பியைக் காணேல்லை எண்டு போனனான். அங்க தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் நிண்டவர். பதில் சொல்லேல்லை. தண்ணி குடிக்கிறீங்களோ அம்மா எண்டு மட்டும் கேட்டவர்."

என் மாமா கடைசி வரை திரும்பி வரவில்லை. அதை அம்மா அங்கே சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அந்தப் பெரியவர் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

கேள்வி நேரத்தில் முகாம் பையன் ஒருவன், தானும் பட்டாளத்தில் சேர முடியுமா என்று கேட்டான். 71-இல் சண்டை போட்டவர் தயங்கி, "மொதல்ல பேப்பர் வரணும் மக்களே" என்றார். அவன் பிறந்தது நாகர்கோவிலில். ஆனால் 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்குத்தான். 2021-இல் எங்கள் முகாமின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அது மரியாதையான பெயர், சந்தோஷம்தான். ஆனால் இந்த ஊர்க் கிழங்கும் மீனும் தின்று, இந்த ஊர்ப் பேச்சிலேயே சண்டை போடும் பிள்ளைக்கு இன்னும் ஒரு நாடு இல்லை என்பதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறாது.

கூட்டம் முடிந்ததும் டீயைக் குடித்துவிட்டு எல்லோரும் கிளம்பவில்லை. படிப்பகத்துச் செயலாளர் எங்களிடம் வந்தார். போர் என்றால் போய்ச் சண்டை போட்டவர்கள் மட்டும் பேசுவது போதாது, அதற்குள் குடியிருந்தவர்களும் பேச வேண்டும், அடுத்த கூட்டம் முகாம்காரர்களுக்கு என்றார். பேச யாரும் முன்வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். முகாமில் உள்ள வயதானவர்கள் கடல் தாண்டிய இரவைப் பற்றி எங்களிடமே அதிகம் பேசியதில்லை. பேசாமலேயே பலர் போய்ச் சேர்ந்தும்விட்டார்கள்.

அம்மா உடனே சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை: "அந்த அமைதிப்படை ஐயா முன்வரிசையில இருக்கோணும். நான் சொல்லுறது பொய்யில்லை எண்டு இந்த ஊரில அவருக்குத்தான் தெரியும்."