லாபம், ரெண்டு, மூணு

போன டிசம்பரில் எங்கள் கார் ரிமோட் ஒன்று வாஷிங் மெஷினில் குளித்து, டிரையரில் காய்ந்து, நல்ல மணத்தோடு வெளியே வந்தது. என் ஜீன்ஸ் பாக்கெட்டில் இருந்திருக்கிறது. பாக்கெட்டைப் பார்க்காமல் துணியைப் போட்டது யார் என்ற விசாரணைக்குள் நான் போக விரும்பவில்லை, ஏனென்றால் அன்றைக்குத் துணி போட்டது நான். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அப்பாவிடம், அரிசி டப்பாவில் இரண்டு நாள் புதைத்து வைத்தால் ஈரம் இறங்கிச் சரியாகிவிடும் என்று தைரியமாகச் சொன்னேன். "அரிசிக்குள்ள வச்சுப் பழுக்க வைக்க அதென்ன மாங்காயாடா?" என்றார். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் பழுக்கவும் இல்லை, பிழைக்கவும் இல்லை.

வண்டி 2004 டொயோட்டா கேம்ரி. நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கிற வண்டிகளிலேயே அதுதான் மூத்தது. இந்தக் காலத்து வண்டிகள் மாதிரி சாவியும் ரிமோட்டும் ஒரே உடம்பாக இருக்காது; இரும்புச் சாவி தனி, நாலு பட்டன் வைத்த ரிமோட் தனி, இரண்டும் ஒரே வளையத்தில் தொங்கும். ரிமோட் செத்தாலும் சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கலாம், ஓட்டலாம், குறையில்லை. ஆனால் நியூ ஜெர்சி ஜனவரியில், இரண்டு கையிலும் மளிகைப் பையைப் பிடித்துக்கொண்டு, கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து, பனி உறைந்த சாவித் துவாரத்தைத் தேடிப் பாருங்கள், ரிமோட்டின் அருமை தெரியும். இன்னொரு ரிமோட் இருந்தது. அது மனைவியின் கைப்பையில் இருந்தது, அதாவது எனக்கு இல்லை.

ஷோரூமில் விசாரித்தேன். ரிமோட் விலை, அதை வண்டியோடு சேர்த்து வைக்கும் கூலி, வரி எல்லாம் போட்டு 210 டாலர் என்றார்கள். அப்பா கண்ணை மூடி ஒரு நிமிஷம் மனக்கணக்குப் போட்டார். "பதினேழாயிரத்துச் சொச்சம். பன்னெண்டு மூட்டை நெல்லுடா." மன்னார்குடிப் பக்கம் நாற்பது வருஷம் நெல் வியாபாரம் பார்த்த மனிதர். எந்த ஊர்ப் பணமும் அவர் மண்டைக்குள் போய் நெல்லாக மாறின பிறகுதான் பணம்.

சென்னை நண்பன் ஒருவன், எதுக்குடா இதெல்லாம், ரிச்சி தெருவில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கி அனுப்புகிறேன் என்றான். நல்ல மனசுதான், ஆனால் அது நடக்காது. இங்கே விற்கும் கேம்ரி ரிமோட் 315 மெகாஹெர்ட்ஸில் பேசும், ஊரில் கார் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433-இல் பேசும். சென்னை நிலையத்தில் முள்ளை வைத்துவிட்டுத் திருச்சி வானொலி ஏன் கேட்கவில்லை என்று ரேடியோவைத் தட்டுகிற கதைதான். கடைசியில் இணையத்தில் 14 டாலருக்கு ஒன்று வாங்கினேன். முதலில் வந்தது அச்சு அசலாக அதே முகம், அதே நாலு பட்டன், ஆனால் வேறு ரிமோட். முதுகில் எஃப்சிசி ஐடி என்று பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும், அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் அனுமதி எண். அமெரிக்காவில் விற்கும் எந்தக் கார் ரிமோட்டாக இருந்தாலும் அது உண்டு, அந்த எண் பொருந்தினால்தான் உறவு. முகத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, ஜாதகத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதைத் திருப்பி அனுப்பி, எண் பார்த்து இன்னொன்று வரவழைத்தேன்.

இதற்கு நடுவில் டொரோண்டோ மச்சான் வேறு போனில் பயமுறுத்தினார். "அதெல்லாம் நீங்களா பண்ண முடியாது மாப்ளே, இம்மொபிலைசர்னு ஒண்ணு இருக்கு." இருக்கிறதுதான். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரியே இல்லாத ஒரு சின்னச் சில்லு இருக்கும், இக்னிஷனைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் அதற்கு மின்சாரம் ஊட்டி "நீ யார்" என்று கேட்கும், பதில் சரியாக வந்தால்தான் இன்ஜின் உயிர் பெறும். கனடாவில் 2007-இலிருந்து புது கார்களுக்கு அது கட்டாயம், அமெரிக்காவில் அப்படிச் சட்டமே கிடையாது. ஆனால் அது சாவி சமாச்சாரம். கதவைத் திறக்கிற ரிமோட் வேறு இலாகா. எனக்குச் செத்தது ரிமோட் மட்டும்தான் என்று மச்சானுக்குப் புரியவைப்பதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது.

கொஞ்சம்கூட நம்பிக்கை இல்லாமல் அப்பா கேட்டார், பழைய ரிமோட்டைப் பார்த்து இதுக்கு நகல் எடுத்தால் என்ன? எடுக்க முடியாது. பட்டனை அமுக்கும் ஒவ்வொரு தடவையும் ரிமோட் வேறு வேறு எண்ணை அனுப்பும். நேற்று காற்றில் போன எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்றைக்குத் திறக்கப் பார்க்கிற திருடன் ஏமாந்து போவான். அதனால் ஒவ்வொரு ரிமோட்டையும் வண்டியின் புத்தகத்தில் தனியாகத்தான் எழுத வேண்டும். எங்கள் வண்டியில் நாலு ரிமோட் வரை எழுதலாம். எழுதுவதில் இரண்டு வகை: இருப்பதோடு ஒன்றைச் சேர்ப்பது ஒரு வகை, இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது இன்னொரு வகை. இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா, "ரேஷன் கார்டுல பேர் சேர்க்கறது ஒண்ணு, கார்டையே ரத்து பண்ணிப் புதுக் கார்டு போடறது ஒண்ணு, அதானே?" என்று முடித்துவிட்டார். அவ்வளவுதான். இதை அவர் எவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டார் என்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி அந்தச் சடங்கு. ஓட்டுநர் கதவு மட்டும் திறந்திருக்க வேண்டும், மற்றக் கதவுகள் மூடியிருக்க வேண்டும். சாவியை இக்னிஷனில் போட்டு எடுக்க வேண்டும், இரண்டு தடவை, அதுவும் ஐந்து நொடிக்குள். பிறகு கதவை மூடித் திறக்க வேண்டும், இரண்டு தடவை. பிறகு சாவியை ஒரு தடவை போட்டு எடுக்க வேண்டும். மறுபடியும் கதவை மூடித் திற, இரண்டு தடவை. இப்போது சாவியைப் போட்டுவிட்டுக் கதவை மூடு. சாவியை ஆன் வரை திருப்பி மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டு வா. இங்கேதான் சூட்சுமம்: ஒரு தடவை திருப்பினால் பேர் சேர்ப்பது, இரண்டு தடவை திருப்பினால் கார்டு ரத்து. சாவியை வெளியே எடுத்தால் வண்டி தன் பூட்டுகளைத் தானே டக் டக்கென்று பூட்டித் திறந்து எந்தக் கணக்கில் நிற்கிறோம் என்று சொல்லும், ஒரு தடவை என்றால் சேர்ப்பு, இரண்டு என்றால் ரத்து. அப்புறம் புது ரிமோட்டில் பூட்டு, திறப்பு இரண்டு பட்டனையும் சேர்த்து ஒரு நொடிக்கு மேல் அமுக்கிவிட்டு, உடனே பூட்டுப் பட்டனை மட்டும் அமுக்க வேண்டும். பூட்டுகள் ஒரு தடவை அடித்தால் பாஸ், இரண்டு தடவை அடித்தால் ஃபெயில். இதை ஜப்பானில் உட்கார்ந்து யோசித்த இன்ஜினியர் வீட்டில் கண்டிப்பாக யாரோ திருஷ்டி கழிப்பவர் இருந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம், இருட்டின பிறகு, தனியாகப் போய் முயற்சி செய்தேன். கையுறையோடு தொட்டால் போன் கேட்காது, கையுறையைக் கழற்றினால் விரல் கேட்காது. நாலாவது கதவடிப்பில் போன் திரை அணைந்துவிடும், அதைத் திறப்பதற்குள் எத்தனை ஆச்சு என்பது மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. வண்டிக்குள் விளக்கு எரிய, அணைய, எரிய, அணைய, எதிர் பிளாக் பெரியவர் ஒருவர் நாயை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார். எல்லாம் சரிதானே என்று கேட்டார். ரிமோட்டைப் புரோகிராம் பண்ணுகிறேன் என்றேன். நாயைச் சற்று வேகமாக இழுத்துக்கொண்டு போனார்.

சரி, எண்ணுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று அப்பாவைக் கூட்டி வந்தேன். மங்கி குல்லா, அதன் மேல் என் ஜாக்கெட், அதன் மேல் என் மனைவியின் சால்வை. பின் சீட்டில் உட்கார வைத்தேன். முதல் தடவை எதுவுமே நடக்கவில்லை, காரணம் அவர் பக்கத்துக் கதவு சால்வை நுனியைக் கவ்விக்கொண்டு பாதிதான் மூடியிருந்தது. சரிசெய்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். சாவியைப் போட்டு எடுத்தேன், பின்னாலிருந்து குரல் வந்தது: "லாபம்." மறுபடி போட்டு எடுத்தேன். "ரெண்டு." நிறுத்தினேன். கதவு. "லாபம். ரெண்டு." நிறுத்தினேன். இடையில் வரும் ஒற்றைத் தடவை எனக்கே மனப்பாடம், அதைக் கேட்காமலே செய்துவிட்டேன். மறுபடி கதவு. "லாபம். ரெண்டு." இசை மாதிரி போனது. சாவியைப் போட்டேன், கதவை மூடினேன், ஆன் வரை திருப்பிக் கொண்டுவந்தேன்.

"லாபம்," என்றார் அப்பா.

ஆமாம் லாபம்தான், 196 டாலர் மிச்சம் என்று மனதுக்குள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு, அவர் "ஒண்ணு" என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன். சொல்லவில்லை. ஒருவேளை சரியாகத் திரும்பவில்லையோ, எண்ணிக்கையில் வரவில்லையோ என்று இன்னொரு தடவை நன்றாகத் திருப்பிக் கொண்டுவந்தேன். "ரெண்டு," என்றார். அப்பாடா, எண்ணிவிட்டார் என்று சாவியை எடுத்தேன். பூட்டுகள் இரண்டு தடவை அடித்தன. வண்டி எனக்குப் பதில் சொல்லிவிட்டது என்ற பரவசத்தில், எத்தனை தடவை சொன்னது என்பதை நான் கவனிக்கவே இல்லை. ரிமோட்டை அமுக்கினேன், டக். பாஸ். புது ரிமோட்டால் பூட்டினேன், திறந்தேன், டிக்கியைத் திறந்தேன், உற்சாகத்தில் சிவப்புப் பட்டனையும் அமுக்கிவிட்டேன், ஹாரன் அலறி நாலு பால்கனியில் விளக்கு எரிந்தது. அன்று ராத்திரி அப்பாவுக்கு நெய் ரோஸ்ட்.

திங்கட்கிழமை மத்தியானம் மனைவி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, என் ரிமோட்டுக்கு என்ன ஆச்சு? பார்க்கிங்ல நின்னு அமுக்கி அமுக்கி விரல் போச்சு. பக்கத்து வண்டிக்காரர் என்னைப் பார்த்துப் பேட்டரி மாத்துங்கன்னு சொல்லிட்டுப் போறார்." பேட்டரி போனாலும் போயிருக்கும் என்றேன். அவள் வீட்டுக்கு வந்ததும் பேட்டரியை மாற்றினேன். அசையவில்லை. அப்போதுதான் பின் மண்டையில் அந்த இரண்டு டக் கேட்டது.

"அப்பா, சாவியை நான் எத்தனை தடவை திருப்பினேன்?"

"ரெண்டு."

"ஒரு தடவை ஆனதும் ஒண்ணுன்னு ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. லாபம்னு."

நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். சின்ன வயதில் களத்து மேட்டில் உட்கார்ந்து இதை ஆயிரம் தடவை கேட்டவன் நான். பிறகு ஹாஸ்டல், காலேஜ், ஐடி கம்பெனி, அமெரிக்கா, எல்லாமாகச் சேர்ந்து அந்த மரக்காலை என் தலையிலிருந்து கொட்டிக் கவிழ்த்திருக்கின்றன. கம்ப்யூட்டர் வேலையிலோ ஒன்றைக்கூட ஒன்று என்று எண்ணாமல் பூஜ்யத்திலிருந்து எண்ணிச் சம்பளம் வாங்குகிறேன். இந்தப் பக்கம் லாபத்தில் ஆரம்பிக்கிற அப்பா, அந்தப் பக்கம் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிற மகன், நடுவில் ஒன்று என்ற எண்ணை நம்பிக் கெட்டது அந்த வண்டி மட்டும்தான்.

"ரெண்டு தடவைன்னா கார்டு ரத்துன்னு உங்களுக்குத்தான் தெரியுமே, ரெண்டாவது திருப்பும்போது தடுத்திருக்கலாம்ல?" என்றேன்.

"நீ படிச்சவன். ஏதோ காரணமாத்தான் ரத்து பண்றேன்னு நெனச்சேன்."

மனைவி தீர்ப்புச் சொன்னாள். மாமா எண்ணினதில் தப்பே இல்லை, தப்பு உங்கள் காதில். நாற்பது வருஷம் அளந்தவர் கணக்கைத் திருத்த நீங்கள் யார். இருந்தாலும் என்று கொஞ்சம் இழுத்து, "மாமா, இந்தத் தடவை நான் எண்ணிக்கறேன், நீங்க சும்மா உட்கார்ந்துக்கங்க," என்றாள். நீ வீட்டிலேயே இரு என்று அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை. வேடிக்கை பார்க்காமல் விட்டால் அவர் ஒரு வாரம் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பார்.

மூன்று பேரும் இறங்கிப் போனோம். மங்கி குல்லா பின் சீட்டில், சால்வை நுனி பத்திரமாக மடியில். எதிர் பிளாக் பெரியவர் தூரத்திலேயே பார்த்துவிட்டு நாயை வேறு வழியில் திருப்பினார். மனைவி இங்கிலீஷில் எண்ணினாள். சாவி, கதவு, சாவி, கதவு, கடைசியாகச் சாவி. ஒரு தடவை திருப்பிக் கொண்டுவந்து, கை நடுங்க நிறுத்தி, வெளியே எடுத்தேன். டக், ஒரே ஒரு தடவை. யாரும் மூச்சுவிடவில்லை. மனைவி தன் பழைய ரிமோட்டில் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினாள், அப்புறம் பூட்டுப் பட்டனை மட்டும் அமுக்கினாள். ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு நாலு கதவும் ஒரே ஒரு தடவை பூட்டித் திறந்தன.

பின் சீட்டில் மங்கி குல்லாவுக்குள்ளிருந்து, அடக்க முடியாமல், மெல்ல ஒரு குரல் வந்தது.

"லாபம்."