அத்தை கொடுத்த நேரம்

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மருத்துவ மேற்படிப்புக்குத் தேர்வு எழுதிய பெண்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி, "படிக்க நேரம் எப்படிக் கிடைத்தது?" என்பதுதான். அதிகாலையில் எழுந்தேன், கைபேசியைத் தள்ளி வைத்தேன், அட்டவணை போட்டேன் என்பது போன்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். எனக்கு நேரம் எங்கிருந்தும் கிடைக்கவில்லை. ஒருவர் தம்முடைய நேரத்தை எடுத்து எனக்குக் கொடுத்தார். அவர் என் மாமியார். சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுக்கு மணி கோத்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தவர். நான் குழந்தைகள் நல மருத்துவரானதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருடைய கூலியைப் பற்றியும் பேசிவிட வேண்டும் என்று நினைப்பதாலேயே இதை எழுதுகிறேன்.

எம்.பி.பி.எஸ். முடித்து, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் உதவி மருத்துவராகத் தேர்வாகி, ஏற்காடு ஒன்றியத்தில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் இருந்தேன். மூத்தவள் எல்.கே.ஜி. வயதை நெருங்கிக்கொண்டிருந்தபோது, 2020 ஜனவரியில் இளையவன் பிறந்தான். அரசுப் பணியில் பெண்களுக்கு அப்போது ஒன்பது மாதம் பேறுகால விடுப்பு. அது ஓராண்டாக உயர்ந்தது 2021 ஜூலையில்தான். நான் விடுப்பு முடிந்து மலையேறியபோது கொரோனா இன்னும் ஓயவில்லை. பள்ளிகள் மூடியிருந்ததால் மூத்தவளுடைய வகுப்பும் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கைபேசித் திரையின் முன் நாலு வயதுக் குழந்தையை உட்கார வைப்பதற்கென்றே வீட்டில் ஒரு ஆள் தேவைப்பட்டது. இந்தச் சூழலில்தான் அடுத்த ஆண்டு முதுநிலை நீட் தேர்வை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்குக் குழந்தைகள் நல மருத்துவம் படிக்க வேண்டும்.

அத்தையின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டறையிலிருந்து கொலுசுச் சங்கிலியையும் மணிகளையும் எடை போட்டுக் கொடுத்து அனுப்புவார்கள். வேலை முடிந்து திரும்பும்போது மறுபடி எடை போடுவார்கள். குறைந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் அத்தை எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல்தான் மணிகளைக் கொட்டுவார். கடுகைவிடச் சற்றுப் பெரிய மணிகள். இடது கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, வலது கைக் குறடால் வளையத்தைத் திறந்து, மணியை மாட்டி, வளையத்தை மூடுவார். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. மாலையில் துணியின் நான்கு முனைகளையும் சேர்த்துத் தூக்கி, ஓரத்தில் ஒட்டியிருக்கும் மணிகளைத் தட்டி எடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

நான் பணிக்குத் திரும்பிய வாரத்தில் குழந்தையின் வளர்ச்சி நிலைகள் என்ற பாடத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் கழுத்து நிற்கும். ஒன்பது மாதத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சிறு பொருளைப் பொறுக்கி எடுக்கும். தேர்வில் திரும்பத் திரும்ப வரும் வினா இது. மறுநாள் காலை அடுக்களைக்குப் போனால், மணித் தட்டு பரண்மேல் ஏறியிருந்தது. என்ன அத்தை என்று கேட்டேன். "நேத்து தரையில கிடந்த பொட்டுக்கடலைய ரெண்டு விரல்ல எடுத்து வாயில போட்டுட்டான் கண்ணு. இனி இந்த வேல வூட்ல ஆகாது" என்றார். மூச்சுக்குழலில் சிறு பொருள் அடைத்துக்கொண்ட குழந்தைகளைப் பார்த்த மருத்துவர் நான்தான். ஆனாலும் தட்டைத் தூக்கி வைத்தவர் அவர். பட்டறைக்கு ஆள் அனுப்பி, கொஞ்ச நாளைக்கு வேலை வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. என் படிப்புக்கு மட்டும் பேசி முடிவெடுத்திருந்தோம்.

அந்தக் கூலி பெரிய தொகை இல்லை என்று என் கணவர் சொன்னதுண்டு. அது அத்தையின் கைக்கு நேராக வந்த ஒரே பணம் என்பது அவருக்கும் தெரியும். நியாயமாகச் சொன்னால், அவரும் சும்மா இருக்கவில்லை. இரவில் மூத்தவளைத் தூங்க வைப்பது, துணி துவைப்பது, காலை இட்லி ஊற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் பகல் முழுவதையும் கொடுத்தவர் அத்தைதான்.

இனி படித்த விதம். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து படி என்று எனக்கு அறிவுரை சொல்லாதவர்கள் இல்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை, பக்கத்தில் சூடு குறைந்ததும் விழித்துக்கொள்ளும் என்பதை அந்த அறிவுரை கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. நான் எழுந்த பத்தாவது நிமிடம் அவனும் எழுந்துவிடுவான். படிப்பும் போய், இருவருடைய தூக்கமும் போய்விடும். ஆகவே அதிகாலையை விட்டுவிட்டேன். பேருந்திலாவது படிக்கலாம் என்றால், அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவிலேயே எழுத்து கண்ணைச் சுற்றும். பதிவு செய்யப்பட்ட பாடங்களைக் காதில் கேட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு போவேன். எனக்கு உண்மையில் அமைந்த படிப்பு நேரம், மதியம் புறநோயாளிகள் ஓய்ந்த பிறகு சுகாதார நிலையத்தில் கிடைத்ததுதான். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக மலைக் கிராமத்துக்காரர்கள் காலையிலேயே வந்து காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிரசவம் எதுவும் இல்லாத நாளில் மதியத்துக்குமேல் ஓர் அமைதி வரும்.

அதிலும் இரண்டு வகை நேரம் உண்டு என்பது போகப் போகப் புரிந்தது. எந்த நொடியிலும் எழுந்து ஓட வேண்டிய நேரம் ஒன்று. யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த நேரம் மற்றொன்று. மருந்தியல், நுண்ணுயிரியல், தடுப்பூசி அட்டவணை போன்றவை முதல் வகை நேரத்துக்குப் பொருந்தும். பத்து வினாக்களைப் பார்த்து, விட்ட இடத்தில் விட்டுவிட்டு, வந்து தொடரலாம். இரத்தத்தின் அமில-காரச் சமநிலை, இதய மின்வரைபடம், புள்ளியியல் ஆகியவை அப்படி இல்லை. ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போகும்போது குழந்தை அழுதால், திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு தம் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். அந்தச் சில மணி நேரத்தை இந்தக் கடினமான பாடங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். தாய்மார்களிடம் எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று கேட்பவர்கள், அதில் எத்தனை மணி நேரம் உடையாமல் கிடைத்தது என்றும் கேட்க வேண்டும்.

தேர்வு 2021 ஏப்ரல் 18 என்று அறிவித்திருந்தார்கள். மூன்று நாள் இருக்கும்போது, ஏப்ரல் 15 அன்று, ஒத்திவைத்தார்கள். மே 3 அன்று, இன்னும் குறைந்தது நான்கு மாதத்துக்குத் தேர்வு இல்லை, மருத்துவர்கள் கொரோனா பணிக்குத் தேவை என்றார்கள். இரண்டாம் அலை அடித்த நேரத்தில் அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தேர்வு நான்கு மாதம் தள்ளிப்போனால் என்னுடைய படிப்பு மட்டும் நீள்வதில்லை. பரண்மேல் இருந்த தட்டும் இன்னும் நான்கு மாதம் பரண்மேலேயே இருக்கும். தேதியை மாற்றுகிறவர்களுக்கு அந்தத் தட்டு தெரிய வாய்ப்பில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்தவர்களும், சம்பளமில்லா விடுப்பு போட்டவர்களும் அந்த ஆண்டு எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். சுகாதாரப் பணியாளர்களுக்கு 2021 ஜனவரி 16 முதல் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். பாலூட்டும் தாய்மார்களுக்குப் போடக் கூடாது என்பது அப்போதைய வழிகாட்டுதல். மலைக் கிராமங்களில் ஊசிக்குப் பயந்தவர்களிடம் எல்லாம் அதன் நன்மையை எடுத்துச் சொல்லிப் போட வைத்துக்கொண்டிருந்த நான், போட்டுக்கொள்ளாமல் இருந்தேன். "டாக்டரம்மா, நீங்க போட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்பார்கள். பால் கொடுக்கிறேன் என்று சொன்னால், அங்கே வரிசையில் நிற்கும் பெண்களில் பாதிப்பேர் எங்களுக்கும் வேண்டாம் என்பார்கள்.  மே 19 அன்றுதான் மத்திய சுகாதார அமைச்சகம் பாலூட்டும் பெண்களும் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அதையொட்டிய வாரங்களில், முழு ஊரடங்கில் பேருந்தும் இல்லாத நிலையில், வீட்டுக்கு நோயைக் கொண்டுபோய்விடுவேனோ என்ற பயத்தில் மலையிலேயே தங்கினேன். கீழே இரும்பாலை வளாகத்தில் ஆக்ஸிஜன் வசதியோடு சிகிச்சை மையம் அமைத்துக்கொண்டிருந்தார்கள் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். மார்பில் கட்டிய பாலைக் கையால் பிழிந்து கொட்டிவிட்டு, முழுக்கவச உடையை மாட்டிக்கொண்டு கொரோனா பரிசோதனைக்குச் சளி மாதிரி எடுக்கப் போவேன். இரவு காணொளி அழைப்பில் அவன் திரையை நக்குவான். படிக்க இதைவிட உடையாத நேரம் கிடைத்ததில்லை. அந்த வாரங்களில் ஒரு பக்கம்கூட ஓடவில்லை. குழந்தை அருகில் இல்லாவிட்டால் நன்றாகப் படிக்கலாம் என்ற நம்பிக்கை அதோடு போனது.

செப்டம்பர் 11 அன்று தேர்வு நடந்தது. 200 வினாக்கள், மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று குறையும். தூக்கமில்லாத மூளை தெரியாத வினாவை விட்டுவிடாமல் எதையாவது தட்டிவிடத் துடிக்கும். அதை அடக்கியதே எனக்குப் பாதி வெற்றி. பிறகு இட ஒதுக்கீட்டு வழக்கால் கலந்தாய்வு தள்ளிப்போய், உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பின் 2022 ஜனவரியில்தான் தொடங்கியது.

கலந்தாய்வில் என்னைக் கரையேற்றியது மலைப்பணி. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்திருந்தது. தமிழ்நாட்டில் அது மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பாதி. எளிதில் போக முடியாத பகுதிகளில் பணியாற்றினால், ஆண்டுக்கு 10 சதவீதம் வரை, மொத்தம் 30 சதவீதத்துக்கு மிகாமல் ஊக்க மதிப்பெண் தரலாம் என்று விதியும் இருந்தது. நல்ல விதி, மலைக்கு மருத்துவர்கள் வருவதற்கு அது ஒரு காரணம். பணிச் சான்றிதழை வாங்கி வீட்டில் வைத்தபோது அத்தை அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "மல ஏறுனதுக்கு மார்க்கா? அப்ப எனக்கு எவ்வளவு?" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எம்.டி. படித்த மூன்றாண்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரவுப் பணி, ஆய்வேடு, மறுபடி இரவுப் பணி. ஒரு மூத்த மருத்துவர், குழந்தை இருப்பவர்கள் தோல் மருத்துவமோ கண் மருத்துவமோ எடுத்திருக்கலாமே என்றார். குழந்தைகள் மருத்துவத்துக்குக் குழந்தை இருப்பது தடை என்று நினைக்க ஒரு தனித் திறமை வேண்டும். இறுதித் தேர்வு நீட் போன்றது அல்ல. பக்கம் பக்கமாக எழுத வேண்டும், நோயாளியைப் பரிசோதித்துத் தேர்வாளர் முன் நின்று பேச வேண்டும். துண்டு துண்டாகப் படித்துப் பழகிய எனக்கு, ஒரே மூச்சில் எழுதும் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரவே சில மாதங்கள் ஆயின. அப்போதும் வீட்டில் இருந்தவர் அத்தைதான். இளையவன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் பட்டறைக்குப் போய்க் கேட்டார். அவருடைய இடத்தில் வேறு பெண்கள் வந்துவிட்டார்கள். கண்ணும் முன்போல இல்லை. இப்போது எப்போதாவது திருவிழாச் சமயத்தில் வேலை மிகுந்தால் மட்டும் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள்.

இன்று நான் ஒரு குழந்தைகள் நலப் பிரிவில் பணிப்பட்டியல் போடும் பொறுப்பில் இருக்கிறேன். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று 2017-இலேயே பேறுகாலப் பயன்கள் சட்டத்தைத் திருத்திச் சொல்லிவிட்டார்கள். எல்லா இடத்திலும் அது வந்து சேரும்வரை என் கையில் இருப்பது பட்டியல் ஒன்றுதான். கைக்குழந்தை உள்ள பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர்ந்து இரவுப் பணி வராமல் பார்த்துக்கொள்கிறேன். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் உடையாத அரை நாள் ஒன்று வாரத்துக்கு ஒருமுறையாவது கிடைக்கும்படி போடுகிறேன். சென்ற மாதம் திருமணமாகாத இரண்டு பேர் வந்து, அந்த இரவுகளெல்லாம் எங்கள் தலையில் விழுகின்றன மேடம் என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். பட்டியலில் ஒருவருக்குக் குறைத்த இரவு இன்னொருவருக்குக் கூடியிருந்தது. எல்லோரையும் உட்கார வைத்து, யார் யாருக்காக எந்த இரவைப் பார்த்தார்கள் என்று பெயரோடு எழுதி அறையில் ஒட்டினோம். அவர்களுக்கும் தேர்வு இருக்கிறது; அந்த இரவுகளை அவர்களுடைய தேர்வு மாதத்தில் மற்றவர்கள் திருப்பித் தர வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். கைக்குழந்தைக்காரர்களில் ஒருவர், என் மாமியார் பெயரையும் அதில் எழுதலாமா மேடம் என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.